அம்மாயி சொன்ன கதைகளை எப்படி வகை பிரிக்கிறது? சேலம், ஏற்காடு பக்கத்து ஆளுங்க சொல்லுங்க

அம்மாபேட்டை ராட்டை:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க அம்மாயிக்கு 84 வயசு ஆகுது, தறிக்குடும்பம், இன்னிக்கும் கை சும்மா இருக்காது, காலையில ராட்டையில உக்காந்து தறிக்கு நூல் தார் சுத்த ஆரம்பிச்சா மத்தியானம் சோத்துக்குத்தான் எந்திரிக்கும். நாங்க சின்னப் புள்ளையில கதை கேட்டதெல்லாம் அந்த ராட்டை சத்தத்தோடதான். நூல் அறுந்துச்சுன்னா கதையும் நின்னுடும், அறுந்த முனைய எச்சி தொட்டு முடிஞ்சிட்டு "எங்க உட்டேன்"னு கேக்கும், நாங்க சரியா எடத்தைச் சொன்னாத்தான் மேல ஓடும். நடுவுல ஊம் கொட்டலைன்னாலும் நிறுத்திடும், "தூங்கறவங்களுக்கு எதுக்குக் கதை"ன்னு.

போன தை மாசத்துல இருந்து போன்ல ரெக்கார்டு பண்ணிட்டு வரேன், இதுவரைக்கும் 31 கதை ஆயிருக்குது. எழுதி வச்சு எங்க வீட்டுப் புள்ளைங்களுக்குக் குடுக்கணும், முடிஞ்சா நாலு பேரு படிக்கற மாதிரி போடணும்னு ஆசை. ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு புராணம், சரித்திரம், பேய்க்கதை, நீதிக்கதைன்னு நாலு காலம் (column) வச்சேன். பத்துக் கதைக்கு மேல போகவே இல்ல, எதை எங்க வைக்கிறதுன்னு புரியல.

உதாரணத்துக்கு ஆடி ஒண்ணுக்கு தேங்காய் சுடுறோமே, அதுக்கு அம்மாயி ஒரு கதை சொல்லும், பாரதப் போர் ஆடி ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சு பதினெட்டாந்தேதி முடிஞ்சுதாம், தர்மம் ஜெயிக்கணும்னு மொத நாள் ஜனங்க தேங்காய் சுட்டு சாமிக்கு வச்சாங்களாம். இது புராணமா, இல்ல பண்டிகைக் கதையா? ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் குகை காவிரி வரைக்கும் போகுதுன்னு ஒண்ணு சொல்லும், அது சரித்திரத்துலயா வரும்? நல்லதங்காள் கதை இருக்குது, ஈ தன் பேரை மறந்த கதை இருக்குது, கொழுக்கட்டை கதை இருக்குது. கொழுக்கட்டை கதையில என்ன நீதி இருக்குதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன், ஒண்ணும் கிடைக்கல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செவ்வாப்பேட்டை வாசகன்:

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லைங்க. புள்ளைங்களுக்குத்தானே, நீதி இருக்கற கதைய மட்டும் எடுத்து கடைசியில நீதியை எழுதிடுங்க, மத்ததை விட்ருங்க. பேய்க்கதையெல்லாம் எதுக்கு.

வாய்மொழி:

மேல சொன்னவர் மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல, ஆனா அதை மட்டும் செஞ்சிடாதீங்க தங்கச்சி. 31 கதையில நீதி இருக்கறது அஞ்சாறு தேறும், மீதி 25ஐ விட்டா அம்மாயி தலைமுறை தலைமுறையா கொண்டு வந்ததுல முக்கால்வாசி போச்சு. நான் நாட்டுப்புறவியல் எம்.ஏ. படிச்சவன், பத்து வருசமா எடப்பாடி, சங்ககிரி பக்கமெல்லாம் சுத்தி கதை கேட்டுட்டு இருக்கேன், தெரிஞ்சதைச் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

உங்க ஷீட் நிக்கறதுக்குக் காரணம், ஒரு காலம் யாரைப் பத்தின கதைன்னு பாக்குது, இன்னொண்ணு எதுக்காகச் சொல்றாங்கன்னு பாக்குது. ரெண்டு அளவுகோலைக் கலந்தா ஒரே கதை மூணு எடத்துல உக்காரும். அமெரிக்காவுல வில்லியம் பாஸ்கம்னு ஒருத்தர் 1965ல உரைநடைக் கதைகளை மூணாப் பிரிச்சாரு, இன்னிக்கும் காலேஜ்ல மொதல்ல அதைத்தான் சொல்லித் தருவாங்க. அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது, சொல்றவங்களும் கேக்கறவங்களும் இதை நடந்ததுன்னு நம்புறாங்களா இல்லையா? நடந்தது, புனிதமானது, உலகம் இப்ப இருக்கற மாதிரி ஆகறதுக்கு முந்தின காலம், சாமிங்க வர்றது, அப்படின்னா தொன்மம். நடந்ததுதான், ஆனா நம்ம காலத்துக்குக் கிட்ட, நமக்குத் தெரிஞ்ச ஊரு, மலை, கோட்டை, மனுசங்க, அப்படின்னா பழமரபுக்கதை. கதைதான்னு எல்லாருக்கும் தெரியும், ஒரு ஊர்ல ஒரு ராஜான்னு ஆரம்பிக்கும், ஊருக்குப் பேர் இருக்காது, அது நாட்டார் கதை.

தீரன் சின்னமலை கதை உங்க அம்மாயிக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். சங்ககிரியில 1805ல தூக்குல போட்டது சரித்திரம், ஆனா சமையல்காரன் எப்படிக் காட்டிக் குடுத்தான், அன்னிக்கு என்ன சமைச்சான், என்ன பேசிக்கிட்டாங்கன்னு ஊருக்கு ஊரு வேற வேற மாதிரி சொல்லுவாங்க பாருங்க, அந்தப் பேச்சுதான் பழமரபுக்கதை. சேலம் குகைப் பகுதியில ஆடி மாசம் வண்டி வேடிக்கையில ராமனாவும் முருகனாவும் வேசம் கட்டி வண்டியில வர்றாங்களே, அந்த வேசத்துக்குப் பின்னால இருக்கறதெல்லாம் தொன்மம்.

தேங்காய் சுடுற கதை காரணக்கதை. ஒரு வழக்கம் ஏன் வந்துச்சு, ஒரு பாறை ஏன் அப்படி இருக்கு, காக்கா ஏன் கறுப்புன்னு காரணம் சொல்றது. வியாச பாரதத்தைப் பிரிச்சு வச்சு அதுல ஆடி எங்க இருக்குன்னு தேடாதீங்க, கீதை சொன்ன நாள்னு மார்கழியில கீதா ஜெயந்தி கொண்டாடறவங்களும் இருக்காங்க. ஆடிப்பெருக்கு 18, போர் நாள் 18, இந்த ரெண்டு பதினெட்டையும் நம்ம ஊர் ஜனங்க சேத்துக் கட்டிட்டாங்க. அது தப்பில்ல, கதை வளர்றதே அப்படித்தான். அதை எழுதும்போது தேங்காய நார் எடுத்து தரையில தேச்சு மழமழன்னு ஆக்கறது, ஒரு கண்ணைத் தொறந்து தண்ணிய வடிச்சிட்டு பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள்ளு, பொட்டுக்கடலை போட்டு அழிஞ்சிக் குச்சி சொருகறது, மஞ்சள் பூசி தெருவுல எல்லாரும் வட்டமா நின்னு நெருப்புல காட்டறது, எல்லாத்தையும் சேத்தே எழுதுங்க. அந்த ஓடு வெடிச்சு வெல்லம் கருகுற வாசனை இல்லாம அந்தக் கதைய தனியா எடுத்தா ரெண்டு வரிதான் மிஞ்சும்.

ஈ பேர் மறந்த கதை சங்கிலிக்கதை. கொழு கொழு கன்னே, கன்னோட தாயே, தாயை மேய்க்கிற இடையா, இடையன் கைக்கோலேன்னு ஒவ்வொண்ணா கோத்துகிட்டே போயி கடைசியில குதிரை "ஈஈஈ"ன்னு கனைக்கும்போது ஈக்குப் பேர் ஞாபகம் வரும். இதுக்கு நீதி எதுவும் வேணாம், புள்ளைக்கு நாக்கு திருந்தறதுக்கும் ஞாபகம் நிக்கறதுக்கும் இருக்கற கதை. உலகம் பூரா இந்த மாதிரி இருக்கு. பின்லாந்துக்காரர் ஆண்டி ஆர்னே 1910ல கதைகளுக்கு நம்பர் குடுத்து ஒரு அட்டவணை போட்டாரு, அமெரிக்கர் ஸ்டித் தாம்சன் அதை விரிவாக்கினாரு, 2004ல ஜெர்மனிக்காரர் உத்தர் திருத்திப் போட்டாரு. அதுல ஒண்ணுல இருந்து 299 வரைக்கும் மிருகக் கதைங்க, 2000க்கு மேல போனா இந்த மாதிரி வாய்பாட்டுக் கதைங்க.

உங்க கொழுக்கட்டை கதைக்கும் அதுல எடம் இருக்கு, 1687ஆம் நம்பர், மறந்துபோன வார்த்தை. மாமியா வீட்ல கொழுக்கட்டை தின்னுட்டு அந்தப் பேரையே சொல்லிகிட்டு வந்தவன், வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா"ன்னு சொல்லிட்டு அதையே பேருன்னு புடிச்சுகிட்டு பொண்டாட்டிகிட்ட வந்து அத்திரிபாச்சா சுட்டுக் குடுன்னு நிக்கறானே, அதே மாதிரி மறதிக்காரன் பல தேசத்துல இருக்கான். நீதி தேடாதீங்க, முட்டாள்தனத்தைப் பாத்து சிரிக்கறதுக்கான கதை அது. ஆனா ஒண்ணு கேக்கறேன், அவன் அடிச்சு பொண்டாட்டி நெத்தி கொழுக்கட்டை மாதிரி வீங்கிடுச்சுன்னு முடியுமே, உங்க அம்மாயியும் அங்கயே முடிக்குதா?

அம்மாபேட்டை ராட்டை:

இல்லைங்க அண்ணா! அம்மாயி கதையில அவ மறுநாள் காலையில மூட்டையக் கட்டிட்டு அம்மா வூட்டுக்குப் போயிடுவா. அவன் பின்னாலயே வந்து, வாய்க்கா வாய்க்காலா தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் கொழுக்கட்டை கொழுக்கட்டைன்னு சத்தம் போட்டு சொல்லிகிட்டே வரணும், அப்பத்தான் மாமியா கதவைத் தொறப்பா. நான் இத்தனை நாளா எல்லா வீட்லயும் இப்படித்தான் சொல்லுவாங்கன்னு நினைச்சேன்.

வாய்மொழி:

பாத்தீங்களா. இதை நான் வேற எங்கயும் கேட்டதில்ல. இதை "சரியான" கதைக்கு மாத்திடாதீங்க, உங்க அம்மாயியோ அவங்க அம்மாவோ யாரோ ஒரு பொம்பளை அந்த அடியோட கதைய முடிக்க மனசில்லாம மேல கொண்டு போயிருக்கா.

மலையடி மல்லிகை:

எங்க வீட்ல தேவாங்கர், வீட்டுக்குள்ள கன்னடம்தான் பேசுவோம். இந்த ஈ கதைய எங்க அஜ்ஜி கன்னடம் பாதி தமிழ் பாதியா சொல்லும், இடையன் வரைக்கும் கன்னடம், கொக்கு வந்ததும் தமிழுக்கு மாறிடும். ஏன்னு தெரியாமலே கேட்டு வளந்தோம். பக்கத்துத் தெரு சௌராஷ்ட்ரா புள்ளைங்களோட விளையாடும்போது அவங்களும் அதே கதைய அவங்க பாஷையில சொல்லுவாங்க. சேலத்துல கதை சேகரிக்கறவங்க தமிழ் வீட்டோட நிறுத்தாம எங்க வீட்டுப் பக்கமும் வாங்க.

ஏரிக்காட்டான்:

நான் ஏற்காடு மலைங்க, மலையாளி ஜனம், கேரளாக்காரங்கன்னு நினைச்சுக்காதீங்க, மலையை ஆள்றவங்கன்னு எங்க பெரியவங்க அர்த்தம் சொல்லுவாங்க. மேல சேர்வராயன் குகை கதைன்னு போட்டிருந்தீங்க, அதனால எழுதறேன்.

எங்களுக்கு அது கதை இல்லைங்க. 5,326 அடி உச்சியில குனிஞ்சுதான் உள்ள போகணும், உள்ள சேர்வராயனும் காவேரியம்மாவும் ரெண்டு பேரும் இருக்காங்க, அதுக்கு அப்புறம் குகை இருட்டா உள்ள போகுது, அது காவேரி வரைக்கும் போகுதுன்னு எங்க தாத்தா சொன்னாரு, அவருக்கு அவங்க அப்பா சொன்னாரு. மலை புருசன், ஆறு பொண்டாட்டி, அந்தப் பாதை வழியாத்தான் அவங்க உறவு. மே மாசம் திருவிழாவுக்கு மலையில இருக்கற அத்தனை ஊரு ஜனமும் வந்துடும். இப்ப டூரிஸ்ட்டா வர்றவங்க செல்ஃபி ஸ்டிக்கோட வந்து மர்ம குகை, திகில் குகைன்னு வீடியோ போடறாங்க, ஒரு வீடியோவுல பேய் சத்தம் வேற சேத்திருந்தாங்க, பாத்துட்டு ரெண்டு நாள் மனசே சரியில்ல. நீங்க ஷீட்ல பேய்க்கதை காலத்துல போட்டுடாதீங்கன்னு கேட்டுக்கறேன்.

இன்னொண்ணும் சொல்லணும். நாங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்கன்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன்னு மூணு பேரு கிளம்புனாங்க, மூத்தவரு சேர்வராயன் மலைக்கு வந்தாரு, மத்த ரெண்டு பேரும் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனாங்க. அதான் மூணு மலை ஜனமும் பங்காளிங்க. இதை தென்னிந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் பத்தி 1909ல வந்த தர்ஸ்டன் தொகுப்புலயே எழுதி வச்சிருக்காங்கன்னு காலேஜ் படிக்கிற பையன் காட்டினான். ஆனா இதை எங்கள்ல யாரும் சும்மா பொழுதுபோக்குக்கு உக்காந்து சொல்ல மாட்டாங்க. கல்யாணம் பேசும்போது, பங்காளி முறை பாக்கும்போது, யாரு பெரியவங்கன்னு ஒரு பேச்சு வரும்போதுதான் அது வெளிய வரும். இதுக்கு என்ன வகைன்னு எனக்குத் தெரியாது, ஆனா எப்ப சொல்றோம்கறதை எழுதாம கதைய மட்டும் எழுதுனா அதுல பாதிதான் இருக்கும்.

வாய்மொழி:

ஐயா சொன்னதுதான் நான் நீட்டி முழக்கி சொல்ல வந்தது. ஒரே கதை உச்சியில தொன்மம், அம்மாபேட்டையில பழமரபுக்கதை, டூரிஸ்ட் வண்டியில வெறும் கதை. கதை மாறல, சொல்ற எடம் மாறுது.

நல்லதங்காளும் அப்படித்தான். பஞ்சத்துல ஏழு புள்ளைங்களோட அண்ணன் வீட்டுக்கு வந்தவளுக்கு அண்ணிக்காரி மூளியலங்காரி ஓட்டைச் சட்டியும் எரியாத பச்சை மட்டையும் குடுத்து சமைக்கச் சொன்னது, மனசு ஒடைஞ்சு ஏழு புள்ளையையும் கிணத்துல போட்டு தானும் விழுந்தது, இதை நம்ம பக்கம் அழுதுகிட்டே கேக்கற கதையா சொல்லுவாங்க, கதைப்பாடலாவும் பாடுவாங்க. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு பக்கத்துல அர்ச்சுனாபுரம் போனீங்கன்னா அவளுக்குக் கோயில் இருக்கு, இதுதான் அந்தக் கிணறுன்னு காட்டுவாங்க. அங்க அவ சாமி. அதனால ஷீட்ல வகைன்னு ஒரு காலம் மட்டும் போதாது தங்கச்சி, யார் சொன்னது, யார்கிட்ட கேட்டது, எப்ப சொல்றது, நடந்ததா கதையான்னு சொல்றவங்க என்ன நினைக்கறாங்க, இந்த நாலும் வேணும். அப்புறம் வகை தானா தெரியும்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

நல்ல உரையாடல். எல்லாரும் வெளிநாட்டுப் பேராசிரியர்களைச் சொல்றீங்க, அதுல தப்பில்ல, ஆனா நம்ம தொல்காப்பியத்துலயும் இந்தப் பேச்சு இருக்குன்னு சொல்ல வேண்டியது என் கடமை. செய்யுளியல்ல உரைவகை நாலுன்னு சொல்லும்போது, "பொருளொடு புணராப் பொய்ம்மொழி", "பொருளொடு புணர்ந்த நகைமொழி"ன்னு ரெண்டைச் சொல்றார். பேராசிரியர்ங்கற பழைய உரையாசிரியர் இதுக்கு உரை எழுதும்போது பொய்ம்மொழிக்கு என்ன உதாரணம் குடுக்கறார் தெரியுமா, ஒரு யானையும் குருவியும் நட்பா இருந்து இன்ன எடத்துக்குப் போயி இன்ன இன்ன செஞ்சுதுங்கற கதை. அந்தக் காலத்துலயே யானை குருவி கதை புழக்கத்துல இருந்திருக்கு. விடுகதையையும் விடல, அதுக்குப் பிசின்னு பேர் வச்சு தனியா இலக்கணம் சொல்றார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்த நூற்பா. உரையை ரெண்டாப் பிரிச்சு "ஒன்றே மற்றும் செவிலிக்கு உரித்தே, ஒன்றே யார்க்கும் வரைநிலை இன்றே"ன்னு சொல்றார். ஒண்ணு யாரு வேணும்னாலும் சொல்லலாம், இன்னொண்ணு செவிலித்தாய்க்கு உரியது. அதாவது புள்ளை வளக்கறவளுக்குன்னே ஒரு கதைவகையை ஒதுக்கியிருக்கார்ம்மா. 35 வருசம் இந்த நூற்பாவை வகுப்புல நடத்தினேன், ராட்டைக்குப் பக்கத்துல உக்காந்த ஒரு அம்மாயியை நினைச்சுப் பாத்து நடத்தலையேன்னு இப்பத் தோணுது.

அம்மாபேட்டை ராட்டை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, ஐயா எழுதுன அந்த வரிய அம்மாயிக்குப் படிச்சுக் காட்டுனேன், "செவிலின்னா யாரு"ன்னு கேட்டுச்சு, சொன்னதும் ஒண்ணும் பேசல, தார்க்கட்டைய மாத்திப் போட்டுகிட்டு "சரி"ன்னு மட்டும் சொல்லுச்சு.

ஏரிக்காட்டான் அண்ணா, மன்னிச்சுக்கங்க, நான் நிஜமாவே குகைய பேய்க்கதையிலதான் வச்சிருந்தேன், எடுத்துட்டேன்.

அப்புறம் ஒரு விசயம் நடந்துச்சு. வாய்மொழி அண்ணா சொன்ன மாதிரி "இது நடந்ததா, கதையா"ன்னு ஒவ்வொண்ணா அம்மாயிகிட்ட கேட்டேன். நாலஞ்சுக்கு பதில் சொல்லிட்டு அப்புறம் சலிச்சுகிட்டு "என்ன கண்ணு போலீஸ்காரன் மாதிரி கேக்கற"ன்னு சொல்லிடுச்சு. சரின்னு விட்டுட்டு ராத்திரி பழைய ரெக்கார்டு எல்லாத்தையும் ஹெட்போன் போட்டு மொதல்ல இருந்து கேட்டேன். ஈ கதையில ராட்டை ஓடிகிட்டே இருக்குது. கொழுக்கட்டையிலயும் ஓடுது, நரி கதையெல்லாத்துலயும் ஓடுது. தேங்காய் சுடுற கதையிலயும் ஓடுது. சேர்வராயன் கதையில ராட்டை சத்தமே இல்ல. நல்லதங்காள்லயும் இல்ல, ஆரம்பத்துல இருந்தே இல்ல, ஒரு எடத்துல மூக்க உறிஞ்சுற சத்தம் மட்டும் கேக்குது. சின்னமலை கதையில பாதி வரைக்கும் ஓடுது, சமையல்காரன் காட்டிக் குடுக்கற எடம் வந்ததும் நின்னுடுது, அப்புறம் கடைசி வரைக்கும் ஓடவே இல்ல. 31 கதையையும் பக்கத்துல உக்காந்து கேட்டவ நான், அன்னிக்கு எனக்கு இது தெரியவே இல்ல. கைய நிறுத்திட்டு சொல்ற கதை எதுன்னு அம்மாயி எனக்கு முந்தியே பிரிச்சு வச்சிருக்குது.

ஷீட்ல இப்ப புதுசா ஒரு காலம் போட்டிருக்கேன், ராட்டை ஓடுது, ராட்டை நிக்குதுன்னு. என் தம்பி அந்த சத்தம் டிஸ்டர்பா இருக்குது, ஆப்ல போட்டு எடுத்துடலாம்னு சொல்றான்.

வாய்மொழி:

ஐயோ வேணாம், எடுக்கவே எடுக்காதீங்க. ஒரிஜினல் ஃபைலை அப்படியே ரெண்டு எடத்துல காப்பி பண்ணி வச்சிடுங்க, போன்ல மட்டும் வச்சிருந்தா ஒரு நாள் போயிடும், எனக்கு 2016ல அப்படி ஒரு மெமரி கார்டோட பூலாம்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருத்தங்களோட கதை பூரா போச்சு, திரும்பப் போனப்ப அவங்க இல்ல. எழுதும்போதும் ஊம் கொட்டுற எடம், நூல் அறுந்து நிக்கற எடமெல்லாம் அடைப்புக்குறிக்குள்ள போடுங்க. அம்மாயி சொல்ற வார்த்தைய அப்படியே எழுதுங்க, எச்சின்னு சொன்னா எச்சிதான், எச்சில்னு திருத்தாதீங்க.

ஏரிக்காட்டான்:

மன்னிப்பெல்லாம் எதுக்குங்க. அம்மாயி கைய நிறுத்திட்டு எங்க சாமியப் பத்தி சொல்லுச்சுன்னு படிச்சதும் வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். வர்ற திருவிழாவுக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க. எங்க பெரியம்மா ஒருத்தங்க இருக்காங்க, 80க்கு மேல ஆச்சு, மலைக் கதையெல்லாம் அவங்ககிட்டதான் இருக்குது, ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வச்சுட்டு நாம தள்ளி உக்காந்துக்கலாம்.

அம்மாபேட்டை ராட்டை:

கண்டிப்பா வரோம்ங்க அண்ணா. அம்மாயி இப்பவே கேக்குது, வண்டி கோயில் பக்கத்துல வரைக்கும் போகுமா, குகைக்குள்ள ரொம்பக் குனியணுமா, முட்டி வலி இருக்குது.

ஏரிக்காட்டான்:

வண்டி பக்கத்துல வரைக்கும் வரும். குனிய முடியலைன்னா வாசல்ல இருந்தே கும்பிட்டுக்கலாம்னு சொல்லுங்க, எங்க பெரியம்மாவும் இப்பெல்லாம் அப்படித்தான் கும்பிடறாங்க.